நாற்பத்தொன்பதாவது ஆள்

மூன்றாவது தடவை எண்ணியபோதும் நாற்பத்தொன்பதுதான் வந்தது.

ரைண்டர் போல்மனுக்குத் தலை எண்ணுவது புதிதல்ல. வோல்மீர் நகராட்சி நீச்சல் குளத்தில் இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவருக்கு வேலை. தண்ணீரில் இறங்கின பிள்ளைகள் எத்தனை, கரையேறின பிள்ளைகள் எத்தனை, இரண்டும் சமமா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஒரு நாளும் கணக்குத் தப்பியதில்லை. இன்றைக்குப் பார்த்து, முன்னால் ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள், பின்னால் ஒன்று என்று நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் ஒரு தலை கூடுதலாக இருந்தது.

"விடுங்கண்ணே, குறைஞ்சாத்தான் கவலை. கூடினா நல்லதுதானே?" என்றான் யோகெம். பச்சை மஃப்ளர் சுற்றிய அவன் கழுத்து, ரைண்டரின் தொடை அளவு இருக்கும்.

"கூடினா பஸ்ஸையே திருப்பிடுவாங்கடா! நாப்பத்தெட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

எதிரணி ஊரான ரோஸ்டாமின் மேயர் போட்ட நிபந்தனைகள் அப்படி. வோல்மீர் கால்பந்து ரசிகர்கள் ஒரே ஒரு பஸ்ஸில் வரலாம். பொறுப்பாளர் ரைண்டரையும் சேர்த்து நாற்பத்தெட்டுப் பேர். எல்லோரும் வோல்மீர் ரயிலடி வாசலில்தான் ஏற வேண்டும். ரோஸ்டாம் மைதானத்துக்கு எதிர் வீட்டில் குடியிருக்கும் வோல்மீர் ரசிகர் ஒருவர்கூட, காலையில் எழுந்து இங்கே வந்து, இந்த பஸ்ஸில் ஏறித் தன் வீட்டு வாசலையே கடந்துதான் ஆட்டம் பார்க்கப் போயாக வேண்டும். சாத்திய கதவு வழியில் திறக்காது. யார் கையிலும் டிக்கெட் கிடையாது, வெறும் சீட்டுத்தான். அதைப் பாதி வழியில் போலீஸ் முன்னால் கொடுத்து டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். போன தலையும் திரும்பிய தலையும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் அடுத்த வருஷம் முதல் பஸ்ஸே கிடையாது.

இந்த ஒரு பஸ்ஸுக்காக ரைண்டர் மேயருக்கு இருபத்து மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். ரோஸ்டாம் மண்ணில் வோல்மீர் ஆடுவதை ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது நிமிஷம் மட்டும் பார்த்தார். ஒன்பதாவது நிமிஷத்தில் நடுவர் வடக்கு கோலில் பெனால்டி கொடுத்தார். ஆட்டக்காரன் பந்தைக் கொண்டுபோய் வைத்தான். பந்து உள்ளே போய்விட்டது. கோலுக்குள் அல்ல, பூமிக்குள். பெனால்டி புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், மண்ணோடும் புல்லோடும் சதுரமாக வெட்டி எடுத்த பள்ளம்தான் இருந்தது. வெள்ளைப் புள்ளியையே யாரோ வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டிருந்தார்கள்.

ரோஸ்டாம்காரர்கள் கொதித்தார்கள். நாற்காலிகள் பறந்தன. ஆட்டம் நின்றது. வெட்டியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் வோல்மீர்காரன் என்பதில் ரோஸ்டாமில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. வெளியூர் ரசிகர்களைச் சுற்றி வலையும், அவர்கள் பஸ்ஸுக்குக் கூண்டும், இந்தத் தலைக்கணக்கும் அன்றைக்கு வந்தவைதான்.

ரைண்டர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னலோரம் பச்சையே இல்லாத ஒருவர் இருந்தார். சாம்பல் கோட்டு, டை, படிய வாரிய வெள்ளை முடி, மடியில் நூல் கட்டிய பெரிய கேக் பெட்டி.

"சார், நீங்க...?"

"டெர்போர்க்." ஓடுகிற பஸ்ஸிலும் எழுந்து நின்று கை கொடுத்தார் அவர். "தண்டவாள வேலைன்னு இன்னிக்கு ரயிலை நிறுத்திட்டாங்களே. அதுக்குப் பதிலா விடற பஸ்தானே இது? என் மச்சினிக்கு ரோஸ்டாம்ல பிறந்தநாள். ரெண்டு மணிக்குக் காபி."

"இது ரயில் பஸ் இல்ல சார், கால்பந்து பஸ்!"

"அப்படியா? உங்ககிட்டத்தானே கேட்டேன். 'ரோஸ்டாம் போகுமா'ன்னேன். 'போகும், சீக்கிரம் ஏறுங்க'ன்னு கையைப் பிடிச்சு ஏத்தி விட்டீங்களே."

ரயிலடியில் காலையிலிருந்து ஒரே களேபரம். ரயில்காரர்களும் மஞ்சள் மேல்சட்டை, இவரும் மஞ்சள் மேல்சட்டை. பார்த்தவர்கள் எல்லாம் இவரிடம்தான் வழி கேட்டார்கள். தலை எண்ணி முடித்த பிறகு யாரோ ஒரு பெரியவருக்குக் கை கொடுத்தது மங்கலாக நினைவு வந்தது.

"இவங்க பாடறதைக் கேட்டுமா சார் ரயில் பஸ்னு நினைச்சீங்க?"

"வார்த்தையெல்லாம் கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்தது. ஞாயித்துக்கிழமை, சந்தோஷமா இருக்காங்கன்னு விட்டுட்டேன்."

ரைண்டர் முன்னால் ஓடினார். "ஹில்கோ, எங்கயாவது ஓரங்கட்ட முடியுமா?"

ஹில்கோ இருபது வருஷமாக ரசிகர் சங்கத்து பஸ்ஸை ஓட்டுகிறவர். கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தார். "நின்னா அந்த மோட்டார் சைக்கிளும் நிக்கும். அப்புறம் ஊருக்குத்தான் திரும்பணும். எனக்கு ரோட்டைப் பாக்கத்தான் சம்பளம்."

சீட்டு மாற்றும் இடத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ரைண்டர் யோசித்தார். பின்கதவுப் படியோரம் கழிவறை ஒன்று உண்டு.

"டெர்போர்க் சார், அஞ்சு நிமிஷம் அதுக்குள்ள இருந்துட்டீங்கன்னா கணக்கு சரியாயிடும்."

பெரியவர் கழிவறையை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "தம்பி, எனக்குச் சின்ன அறைன்னா ஆகாது. மூச்சு முட்டும். கத்திடுவேன். வேணும்னா போலீஸ்கிட்ட நானே சொல்லிடறேன், தப்பு என்னோடதுன்னு."

"ஐயையோ, வேண்டாம்!"

"அப்ப வேற யாராவது உள்ள போங்களேன்."

யார் போவது? நாற்பத்தேழு பேருக்கும் பெயர் கூப்பிட்டு அடையாள அட்டை பார்ப்பார்கள். அட்டையில் போட்டோ இல்லாதவர் ஒருவர்தான். பொறுப்பாளர் அட்டையில் பெயரும் போன் நம்பரும் மட்டுமே இருந்தன. அடித்துக் கொடுத்தவர்களே போட்டோ ஒட்ட மறந்துவிட்டிருந்தார்கள். பஸ் வேகம் குறைந்தது. ரைண்டர் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றிப் பெரியவருக்கு மாட்டினார், அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டார், நாற்பத்தேழு சீட்டுகளையும் கையில் திணித்தார்.

"உங்க பேரு ரைண்டர் போல்மன். கேட்டா தலையை மட்டும் ஆட்டுங்க."

பிறகு தன் ஆறடி நாலங்குலத்தையும் மூன்றாக மடித்துக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

வெளியே இன்ஸ்பெக்டர் ஃபெம்கே ஏறும் சத்தம் கேட்டது. பெயர்கள் கூப்பிட்டாள். ஒவ்வொருவனும் "இருக்கேன்" என்றான்.

"நாப்பத்தெட்டு. நீங்கதான் பொறுப்பாளர் போல்மனா? மேயருக்குக் கடிதமா எழுதித் தள்ளினவர்?"

"எழுதறது நம்ம கடமை மேடம்," என்றது டெர்போர்க்கின் குரல்.

ரைண்டர் அசந்துபோனார். தலையை ஆட்டச் சொன்னால் மனிதர் வசனமே பேசுகிறாரே! அவ்வளவுதான், பஸ் கிளம்பியதும் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

பஸ் கிளம்பியது. யோகெமிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: "அண்ணே வெளிய வராதீங்க. அந்த மேடம் மைதானம் வரைக்கும் கூட வருதாம். உங்க சீட்லதான் உக்காந்திருக்கு."

அரை மணி நேரப் பயணம். இருபதாவது நிமிஷம் கழிவறைக் கதவு தட்டப்பட்டது.

"யாரு உள்ள?" என்றாள் ஃபெம்கே.

ரைண்டர் மூச்சை நிறுத்தினார்.

"அது ரிப்பேர் மேடம்," என்றார் டெர்போர்க், கொஞ்சமும் தடுமாறாமல். "பூட்டி வெச்சிருக்கோம். வாடை வரும், தள்ளி வாங்க."

நல்ல மனிதர் என்று ரைண்டர் மனசுக்குள் கும்பிட்டார். பாவம், மச்சினி வீட்டுக் காபியை விட்டுவிட்டு யாருக்காகவோ பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரோஸ்டாம் வந்தது. கம்பி வேலி போட்ட கூண்டுக்குள் பஸ் நுழைந்து, பின்னால் கேட் சாத்தப்பட்டது. எல்லோரும் இறங்கினார்கள். ஃபெம்கே கேக் பெட்டியைத் திறந்து பார்ப்பது கேட்டது.

"பாதாம் கேக்கா? கத்தி ஏதும் இல்லையே?"

"கத்தியோட கால்பந்து பாக்க வருவேனா மேடம்? உங்க ஆளுங்களுக்காகத்தான் கொண்டு வந்தேன். பழைய மனக்கசப்பெல்லாம் தீரட்டுமேன்னு."

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வோல்மீர்காரரை நான் பார்த்ததில்ல. வாங்க, எங்க பாதுகாப்பு அதிகாரிகிட்ட அறிமுகப்படுத்தறேன்."

சத்தம் அடங்கிய பிறகு ரைண்டர் வெளியே வந்து முதுகை நிமிர்த்தினார். பஸ்ஸில் ஹில்கோ மட்டும் சீஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"நான் உள்ள போறேன்."

"டிக்கெட்?"

டிக்கெட் ரசிகர்களுக்கு மட்டும்தான். பொறுப்பாளருக்கு அந்த அட்டைதான் டிக்கெட். அது டெர்போர்க் கழுத்தில் இருந்தது.

"நான்தான் நிஜப் பொறுப்பாளர்னு சொல்லிப் பாக்கறேன்," என்று ரைண்டர் இறங்கிப் போனார். கேட்டில் காவலாளி ஒருவன் கையை நீட்டி மறித்தான்.

"யாருய்யா நீ? எல்லாரும் உள்ள போயாச்சே."

"பொறுப்பாளர்..."

"பொறுப்பாளர் எங்க அதிகாரியோட உக்காந்து காபி குடிச்சிட்டிருக்கார். நாப்பத்தெட்டும் சரியா இருக்கு. நீ எங்கருந்து முளைச்ச?" அவன் கை இடுப்பிலிருந்த வாக்கிடாக்கிக்குப் போனது.

ரைண்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "கழிவறை... கழிவறை ரிப்பேர் பாக்க வந்தேன்."

காவலாளியின் முகம் மலர்ந்தது. "ஓ, பஸ்ல ரிப்பேர்னு இன்ஸ்பெக்டர் சொன்னாங்க. அதுக்குள்ள வந்துட்டியா! கெட்டிக்காரன்தான். உள்ள வா, இங்க எங்களுது மூணு அடைச்சுக் கெடக்கு. ரெண்டு வாரமா ஆள் தேடறோம்."

இப்படியாக ரைண்டர் போல்மன் தன் வாழ்நாள் ஆசைப்படி ரோஸ்டாம் மைதானத்துக்குள் நுழைந்தார். வெளியூர் ரசிகர்களுக்கான கழிவறையில், கையில் ரப்பர் குடை பொருத்திய கம்போடு நின்றார். காவலாளி வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் தெற்கு கோல். பதினேழாயிரம் பேர் கத்துகிறார்கள். உயரத்தில் ஒரு காற்றுத்துளை. எட்டிப் பார்த்தால் விளக்குக் கம்பமும் ஒரு புறாவும் தெரிந்தன. ரைண்டர் கொஞ்ச நேரம் புறாவைப் பார்த்தார். அதற்கு ஆட்டம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

இடைவேளையில் யோகெம் உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணே! என்ன கோலம் இது?"

"கோலத்தை விடு. கோல் எத்தனை?"

"ஒண்ணுக்கு ஒண்ணு. நம்ம பையன் தலையாலே முட்டிப் போட்டான் பாருங்க..."

"சொல்லாதே, சொல்லாதே. சரி, சொல்லு."

"பறந்தாண்ணே! அப்புறம், நம்ம டெர்போர்க் சார் இருக்காரே, மைதானத்து ஓரமா புல்லு மேலயே நிக்கறார். ரோஸ்டாம்காரங்க எல்லாரும் 'போல்மன் சார், போல்மன் சார்'னு ஒரே உபசாரம். கையில சுடச்சுடப் பொரிச்ச க்ரோக்கெட் வேற."

"எனக்குக் கிடைக்க வேண்டிய க்ரோக்கெட்," என்றார் ரைண்டர்.

"பேச்சு போதும். மூணாவது இன்னும் அப்படியே இருக்கு," என்றான் காவலாளி.

எண்பத்தெட்டாவது நிமிஷம். மைதானம் முழுக்க ஒரே விசில். நடுவரைத் திட்டுகிறார்கள் என்று ரைண்டருக்குப் புரிந்தது. தெற்கு கோல் பக்கம், நமக்குப் பெனால்டி! கம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். விசில் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. பதினேழாயிரம் பேரும் வாயடைத்த அந்த ஒரு நொடியில், தலைக்கு மேலே நாற்பத்தேழு தொண்டைகள் மட்டும் வெடித்தன.

ரைண்டர் அழுதுவிட்டார். பார்க்காவிட்டால் என்ன? நாங்கள் ரோஸ்டாமில் ஜெயித்துவிட்டோம்.

"எங்க ஆளுங்க தோத்ததுக்கு அழறியா? நல்ல மனசுய்யா உனக்கு," என்று காவலாளி தோளைத் தட்டிக் கொடுத்தான்.

ஆட்டம் முடிந்ததும் ரைண்டர் முதல் ஆளாக ஓடிப் பஸ்ஸின் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ரசிகர்கள் ஏறினார்கள். ஊர்க்காரர்கள் கலைந்து போகும்வரை முக்கால் மணி நேரம் பஸ் கூண்டுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதும் நிபந்தனை. டெர்போர்க்கை மட்டும் காணோம்.

"யோகெம், அவர் எங்கடா?" என்று கதவிடுக்கில் கேட்டார் ரைண்டர்.

"கேன்டீன்ல கேக் வெட்டறாராம். அவங்களே ஒரு பெரிய கத்தி குடுத்தாங்களாம். காவலாளிங்க, புல்லு பாத்துக்கற ஆளுங்க எல்லாரும் அங்கதான் வட்டமா உக்காந்து தின்னுட்டு இருக்காங்க."

நாற்பதாவது நிமிஷம் காலடிகள் கேட்டன. ரோஸ்டாம் பாதுகாப்பு அதிகாரி லுப்பர்ட் தானே பஸ் வரைக்கும் வந்திருந்தார். ஃபெம்கே தலை எண்ணினாள். நாற்பத்தெட்டு.

"போல்மன் சார், பெட்டியைக் குடுங்க, நான் ஏத்தி வெக்கறேன்," என்றார் லுப்பர்ட்.

"வேண்டாம் சார். இதை அடியிலதான் பிடிக்கணும். உங்க கத்தியைக் கழுவி வெச்சுட்டேன்."

"பதினோரு வருஷமா எங்களுக்குள்ள ஒரு கசப்பு. இன்னிக்கு நீங்க ஒரே ஆளா அதைப் போக்கிட்டீங்க. அடுத்த வருஷம் ரெண்டு பஸ் தரச் சொல்லி மேயர்கிட்ட நானே பேசறேன். 'அசம்பாவிதம் ஏதுமில்லை'ன்னு எழுதியிருக்கேன், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. கீழே உங்க போன் நம்பர்."

"நம்பர் அட்டையிலயே இருக்கே, பார்த்து எழுதிக்குங்க," என்றார் டெர்போர்க்.

கழிவறைக்குள் ரைண்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். ரெண்டு பஸ்! இருபத்து மூன்று கடிதத்தில் நடக்காதது ஒரு பாதாம் கேக்கில் நடந்துவிட்டது.

ரோஸ்டாம் எல்லை தாண்டி மோட்டார் சைக்கிள்கள் விலகிய பிறகுதான் அவர் வெளியே வந்தார். மொத்த பஸ்ஸும் எழுந்து கைதட்டியது. நேராகப் போய் டெர்போர்க்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன்னு தெரியல. உங்க மச்சினி என்ன நினைப்பாங்களோ?"

"அவளுக்கு அடுத்த வருஷமும் பிறந்தநாள் வரும்," என்று சட்டையையும் அட்டையையும் திருப்பிக் கொடுத்தார் பெரியவர். கேக் பெட்டி மறுபடி நூல் கட்டி மடியில் இருந்தது.

"ஒரு துண்டாவது மிச்சம் இருக்கா சார்? காலையிலேர்ந்து பட்டினி."

"சாப்பிடறதுக்கு எதுவும் இல்ல தம்பி. பெட்டி நல்ல பெட்டி, அதான்."

வோல்மீர் ரயிலடி வந்தபோது மணி ஏழு. கடைசியாக இறங்கியவர் டெர்போர்க். பெட்டியை இரண்டு கைகளாலும் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திப் படி இறங்கி, எல்லோருக்கும் தலையசைத்துவிட்டுப் போனார். ரைண்டர் எண்ணினார். ஏறியது நாற்பத்தொன்பது, இறங்கியது நாற்பத்தொன்பது, இவரையும் சேர்த்து. நிம்மதியாகத் துடைப்பத்தை எடுத்தார். பஸ்ஸைக் கூட்டிக் கொடுப்பதும் பொறுப்பாளர் வேலைதான்.

கடைசிக்கு முந்தின வரிசையில் துடைப்பம் நின்றது. ஜன்னலோர இருக்கைக்குக் கீழே ஈர மண். பொலபொலவென்று நல்ல கறுப்பு மண். அதோடு ஒரு பிடி புல். நுனியெல்லாம் வெள்ளைச் சாயம்.

"ஹில்கோ, இது எப்படி..." என்று ரைண்டர் ஆரம்பித்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. ரோஸ்டாம் எண். லுப்பர்ட். அடித்து நின்று மறுபடியும் அடித்தது. ரைண்டர் ஒரு கையில் புல்லும் ஒரு கையில் போனுமாக நின்றார்.

ஹில்கோ பஸ் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். "மைதானத்துக்குப் பெனால்டி புள்ளி ரெண்டு உண்டே, ரைண்டர். போன தடவை அவர் ஒண்ணுதானே எடுத்துட்டு வந்தார்?"